ஸ்வெட்டரை விடுங்கள், செருப்பைச் சொல்லுங்கள்

போன மாதம் இந்தப் பகுதியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். போர்ச்சுகலுக்கு இரண்டு முறை போனேன், ஒருமுறை அக்டோபரில், ஒருமுறை நவம்பரில், இரண்டு முறையும் தப்பான பெட்டியோடு போனேன் என்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சென்னையில் பாதிப் பேர் தீபாவளி முடிந்த கையோடு லிஸ்பனுக்குத்தான் கிளம்புகிறார்கள் போலிருக்கிறது. சரி, இந்த வாரம் முழுக்கப் பெட்டிக் கேள்விகள்தான். சமையல் சந்தேகம் எழுதியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்டோபர் கடைசியில் நானும் கணவரும் மகளும் பத்து நாள் லிஸ்பன், போர்ட்டோ போகிறோம். என் மைத்துனர் கனடாவில் இருக்கிறார், பனிக்கால ஜாக்கெட் மூன்று வாங்கியே ஆக வேண்டும் என்கிறார். மகள் டி-ஷர்ட் போதும் என்கிறாள். யார் சொல்வது சரி? (வாசகி, நங்கநல்லூர்)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் தப்பு, ஆனால் மைத்துனர் சொல்வதுதான் செலவு அதிகமான தப்பு. கனடாக் குளிரை வைத்து போர்ச்சுகலுக்குப் பெட்டி கட்டக் கூடாது. பக்கத்தில் அட்லாண்டிக் பெருங்கடல் கிடக்கிறது. கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும், அதனால் கரையோர ஊர்களில் இலையுதிர்காலம் பட்டென்று குளிர்காலமாக மாறிவிடாது. லிஸ்பனில் அக்டோபர் பகலில் சராசரியாக 22, 23 டிகிரி, இரவில் 15. நவம்பரில் பகல் 18, இரவு 12. போர்ட்டோ வடக்கே இருப்பதால் இதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவு. நம் ஊரில் மார்கழி விடியற்காலை 21 டிகிரி இருக்கும்போது மஃப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிறோம் இல்லையா, ஏறக்குறைய அதுதான் லிஸ்பனின் அக்டோபர் நடுப்பகல். அந்த ஊர்க்காரர்கள் அதில் அரைக்கை சட்டையோடு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். நாம் அவர்களைப் பார்த்து ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. நம் உடம்பு வேறு.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அந்த நாட்டில் எனக்குக் குளிர் அடித்தது தெருவில் இல்லை, வீட்டுக்குள். பழைய கட்டடங்களில் பெரும்பாலும் மொத்த வீட்டையும் சூடாக்கும் வசதி கிடையாது, ஒரு சின்ன மின்சார ஹீட்டரை மூலையில் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். கல் சுவர், டைல்ஸ் தரை, நவம்பர் ஈரம், மூன்றும் சேர்ந்து ராத்திரி படுக்கையே நனைந்த மாதிரி சில்லென்று இருக்கும். வெளியே போட்டுக்கொள்ள விலை உயர்ந்த கோட்டு வாங்கிக்கொண்டு போன நான், அதைப் போட்டுக்கொண்டு தூங்கினேன். அதனால் ஆளுக்கு ஒரு செட் தெர்மல் உள்ளாடை, கெட்டியான சாக்ஸ் இரண்டு ஜோடி, அறைக்குள் போட்டுக்கொள்ள அடிப்பாகம் ரப்பர் உள்ள ஒரு துணிச் செருப்பு. இதற்குப் பனி ஜாக்கெட்டின் விலையில் கால்வாசிகூட ஆகாது.

வெளியே போகும்போது ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுங்கள்: உள்ளே பனியன், மேலே முழுக்கை பருத்தி, அதற்கு மேல் மெல்லிய ஃப்ளீஸ் அல்லது நம் ஊர் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் உள்ளே வராத, தலைக்கு மூடி வைத்த ஒரு மெல்லிய ஜாக்கெட். காலையில் நாலும் வேண்டியிருக்கும், மத்தியானம் இரண்டு போதும், சாயங்காலம் மறுபடி நாலு. அக்டோபர் நடுவில் சூரியன் ஏழு மணிவாக்கில்தான் மறையும். ஆனால் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், அதற்கு அப்புறம் ஐந்தரைக்கே இருட்டு. நீங்கள் போகும் தேதி சரியாக அதில் மாட்டுகிறது. அதுவரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், அன்றிலிருந்து ஐந்தரை. ஊருக்கு போன் பண்ணும்போது நினைவு இருக்கட்டும்.

ஜீன்ஸ் ஆளுக்கு ஒன்று போதும். ஈரமானால் இரண்டு நாள் காயாது. லிஸ்பனில் ஜன்னலுக்கு வெளியே கொடி கட்டி வீட்டுத் துணியெல்லாம் தெருவைப் பார்க்கக் காயப்போடுவார்கள், பார்க்க அழகாக இருக்கும். நவம்பரில் அந்தத் துணிகள் திங்கட்கிழமை தொங்கினால் புதன்கிழமையும் தொங்கும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, லேசாக மூட்டு வலி. வீட்டிலும் வெளியிலும் செருப்புதான், ஷூ போட்டதே இல்லை. லிஸ்பனில் மேடு பள்ளம் அதிகம் என்கிறார்களே, நல்ல தோல் செருப்பு போதுமா? (வாசகர், மயிலாப்பூர்)

பதில்: போதாது. இந்த வாரம் வந்ததில் முக்கியமான கேள்வி இதுதான், ஆனால் பத்துக் கடிதத்தில் ஒருவர்தான் கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் எல்லாரும் ஸ்வெட்டர் பற்றியே கேட்கிறார்கள்.

லிஸ்பன் ஏழு குன்றுகளின் மேல் உட்கார்ந்த ஊர் என்று சொல்வார்கள், நடந்து பார்த்தால் எழுபது என்று தோன்றும். நடைபாதை சிமென்ட் இல்லை. உள்ளங்கை அளவுகூட இல்லாத சின்னச் சின்ன வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களைக் கையால் ஒவ்வொன்றாக உடைத்து, பொருத்தி, தட்டிப் பதித்த தரை. கல்சாடா என்பார்கள். நடுநடுவே கறுப்புக் கல்லில் அலை, பூ, கப்பல் என்று கோலம் மாதிரி போட்டிருப்பார்கள். காலம் காலமாக ஜனங்கள் நடந்து நடந்து அந்தக் கல் நம் கோவில் பிராகாரத் தரை மாதிரி வழுவழுவென்று ஆகியிருக்கும். வெயிலில் பிரச்சினை இல்லை. ஒரு தூறல் விழட்டும், எண்ணெய் ஊற்றின மாதிரிதான்.

நான் முதல் தடவை போனபோது, அக்டோபர் மழை நின்ற ஒரு காலையில், அல்ஃபாமா பகுதியில் ஒரு சரிவான சந்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். காலில் புதுத் தோல் ஷூ, அடிப்பாகமும் தோல், மழமழவென்று. முன்னால் ஒரு பாட்டி இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு சர்வ சாதாரணமாக இறங்கிப் போகிறாள், நான் அவளைப் பார்த்துத் தைரியமாகக் காலை வைத்தேன். அப்புறம் நடந்தது எனக்குச் சரியாக நினைவு இல்லை, உட்கார்ந்த நிலையில் ஒரு ஏழெட்டு அடி போய் ஒரு வீட்டு வாசற்படியில் நின்றேன். பாட்டி திரும்பிப் பார்த்தாள், பையைக் கீழே வைத்தாள், தன் காலைத் தூக்கிச் செருப்பின் அடிப்பக்கத்தைக் காட்டினாள். தடித்த ரப்பர், கட்டம் கட்டமாக வெட்டு. ஒரு வார்த்தை பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த ஊரில் யாரும் எனக்கு இதைவிட நல்ல பயண ஆலோசனை சொல்லவில்லை.

அம்மாவுக்கு ஷூ கட்டாயம். கடையில் மேல்பக்கத்தைப் பார்க்காதீர்கள், கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பாகம் மென்மையான ரப்பராக, ஆழமான வெட்டுகளோடு இருக்க வேண்டும், நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். கடினமான பிளாஸ்டிக் அடி வேண்டாம். வெல்க்ரோ பட்டை வைத்தது என்றால் குனிந்து கயிறு கட்டும் வேலை இல்லை. சாக்ஸ் போட்டு அளவு பாருங்கள், ஏனென்றால் செருப்புக் கால் சாக்ஸ் போட்டதும் ஒரு அளவு பெரிதாகிவிடும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே வாங்கி, நாகேஸ்வரராவ் பூங்காவில் தினம் அரை மணி நேரம் நடக்கச் சொல்லுங்கள். புது ஷூவை விமான நிலையத்தில்தான் முதலில் போடுவேன் என்று அம்மா சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், என் அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம், நாலு நாள் அறையிலேயே இருந்தாள்.

மடக்கி வைக்கிற ஊன்றுகோல் ஒன்று, நுனியில் ரப்பர் மூடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரும்பு நுனி அந்தக் கல்லில் வழுக்கும். கௌரவம் பார்ப்பார்கள், பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், மூன்றாம் நாள் அவர்களே கேட்பார்கள்.

கேள்வி: குடையா, ரெயின்கோட்டா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: வேளச்சேரியிலிருந்து இந்தக் கேள்வி வருவதை நான் ரசிக்கிறேன். உங்களுக்குத் தெரியாத மழையா!

மழையின் அளவை வைத்துப் பார்த்தால் நீங்கள் பயப்படவே வேண்டாம். அங்கேயும் மழைக்காலம் அக்டோபரில்தான் தொடங்குகிறது, நம் வடகிழக்குப் பருவமழையோடு கூடவே. ஆனால் லிஸ்பனில் நவம்பர் மாதம் முழுக்கப் பெய்வதை நம் ஊர் ஒரு கெட்ட நாளில் கொட்டிவிடும். போர்ட்டோவில் அதைவிட அதிகம், வருஷத்துக்குச் சுமார் 1200 மில்லிமீட்டர், ஏறக்குறைய சென்னை அளவு, ஆனால் அதை நிதானமாக, பல நாள் இழுத்துப் பெய்யும். சிக்கல் காற்று. மழை மேலிருந்து வராது, பக்கவாட்டில் வரும். நான் கொண்டுபோன மூன்று மடிப்புக் குடை போர்ட்டோவின் டோரோ ஆற்றங்கரையில் ஒரே காற்றில் கிண்ணமாகக் கவிழ்ந்தது. ஆற்றுக்கு மேலே 1886-இல் கட்டிய இரும்புப் பாலம் ஒன்று இருக்கிறது, மேல்தட்டில் நின்று ஊரைப் பார்க்கலாம், அங்கே குடையை விரிப்பவர்களை நின்று வேடிக்கை பார்க்கவே ஒரு கூட்டம் உண்டு.

அதனால் தலை மூடியோடு ஜாக்கெட். நம் ஊர் டூ-வீலர் ரெயின்கோட் நன்றாகத்தான் தண்ணீர் தடுக்கும், ஆனால் உள்ளே வேர்த்துக் கொட்டும், மேட்டில் ஏறும்போது வெளியே நனைவதற்குப் பதில் உள்ளே நனைவீர்கள். அதன் பேன்ட்டை மட்டும் எடுத்துப் போங்கள், கையளவுதான் இடம் பிடிக்கும்.

ஐரோப்பியப் பெருநிலத்தின் மேற்குக் கடைசி முனை, காபோ த ரோக்கா, லிஸ்பனிலிருந்து அரை நாள் பயணம். அங்கே போவீர்கள் என்றால் காதை மூடுகிற ஏதாவது வேண்டும். நான் வெட்கத்தை விட்டுக் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டேன். சுற்றி நின்ற பத்து நாட்டுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், கால் மணி நேரத்தில் பொறாமைப்பட்டார்கள். வழியில் இருக்கும் சின்ட்ரா மலையிலும் அப்படித்தான், லிஸ்பனில் வெயில் அடிக்கும்போது அங்கே மூடுபனி.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். இட்லிப் பொடி, ஊறுகாய், கறிவேப்பிலை, தீபாவளி பட்சணம் எல்லாம் கொண்டுபோகலாமா? பிடுங்கிவிடுவார்களா? (வாசகி, மேற்கு மாம்பலம்)

பதில்: சிலதைப் பிடுங்குவார்கள். எதை என்று தெரிந்துகொண்டால் கண்ணீர் விட வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து வருகிற பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது. இறைச்சி உங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் பால்கோவா, பால்பேடா, பன்னீர், நெய் ஜாடி இவையெல்லாம் அந்தக் கணக்கில் வந்துவிடும். விட்டுவிடுங்கள். முறுக்கு, தட்டை, மிக்சர், ரிப்பன் பக்கோடாவுக்குத் தடை இல்லை. கைக்குழந்தை இருந்தால் பால் பவுடருக்கு மட்டும் ஒரு அளவு வரை விலக்கு உண்டு.

பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். 2019 டிசம்பர் முதல் பழம், காய், இலை எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகக் கூடாது. அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, துரியான் ஐந்துக்கு மட்டும் விலக்கு. அந்தப் பட்டியலைப் போட்டவர் நம் வீட்டுப் பூஜைத் தட்டைப் பார்த்திருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வெற்றிலைக்கு மட்டும் இடம் இல்லை.

அப்புறம் கொப்பரை. தேங்காய்க்கு அங்கே தடை இல்லை என்றாலும் உலர்ந்த கொப்பரையை நம் விமான நிலையத்திலேயே விடமாட்டார்கள். எண்ணெய்ப் பசை, எளிதில் தீப்பிடிக்கும் என்று ஆபத்தான பொருள்களில் வைத்திருக்கிறார்கள். ஊறுகாயும் மிளகாய்ப் பொடியும் கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் போடுங்கள். ஊறுகாய் பாட்டிலின் வாயை பிளாஸ்டிக் தாளால் மூடி மேலே மூடியைத் திருகி, அதை ஒரு ஜிப் பையில் போட்டு, அதை இன்னொரு ஜிப் பையில் போட்டு, ஒரு பழைய துண்டில் சுற்றுங்கள். நல்லெண்ணெய் வாசனையோடு பத்து நாள் ஒரே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு திரிந்த ஒருவன் சொல்கிறேன், கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இதை யாரும் சொல்வதில்லை. சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை, பலர் துபாய் வழியாகப் போகிறீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். குருமாப் பொடி, வீட்டில் அரைத்த மசாலா எதிலாவது கசகசா சேர்த்திருந்தால் அந்தப் பொட்டலத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஆனால் ஒரு சமாதானம் உண்டு. நீங்கள் போவது சோறு தெரியாத நாட்டுக்கு இல்லை. ஐரோப்பாவிலேயே ஆளுக்கு அதிகமாக அரிசி சாப்பிடுவது போர்ச்சுகல்காரர்கள்தான். சூப்பர் மார்க்கெட்டில் கரோலினோ என்று ஒரு அரிசி இருக்கும், கொஞ்சம் குண்டாக, வெந்தால் குழைவாக. பிரியாணிக்கு ஆகாது, தயிர் சாதத்துக்கு அடித்துக்கொள்ள முடியாது. சர்க்கரை போடாத தயிரும் அங்கேயே கிடைக்கும், டப்பாவில் 'நத்துரால்' என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். லிஸ்பன் நடுவில் மார்டிம் மோனிஸ் சதுக்கத்தைச் சுற்றி வங்காளதேசத்துக்காரர்களும் நம்மவர்களும் நடத்துகிற மளிகைக் கடைகள் நிறைய. துவரம் பருப்பு, பெருங்காயம், பச்சை மிளகாய் எல்லாம் உண்டு. ஆக, பருப்பும் அரிசியும் சுமக்காதீர்கள். பொடியும் ஊறுகாயும் எடுங்கள், மீதி இடம் காலியாக இருக்கட்டும்.

ஹோட்டலில் "செம் கார்னி, செம் பெய்ஷி" என்று சொல்லுங்கள், கறி வேண்டாம், மீன் வேண்டாம் என்று அர்த்தம். இரண்டையும் சொல்ல வேண்டும், கறி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் சந்தோஷமாக மீனைக் கொண்டுவந்து வைப்பார்கள். கீரை சூப் மாதிரி பச்சையாக ஒன்று வரும், கால்தோ வெர்த், அதில் மேலாக ஒரு துண்டு பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். எல்லாரும் புகழும் அந்தச் சின்ன கஸ்டர்ட் பலகாரத்தில் முட்டை மஞ்சள் கரு உண்டு. சுத்த சைவம் என்று எழுதியதால் சொல்கிறேன், அப்புறம் எனக்குத் திட்டுக் கடிதம் எழுத வேண்டாம்.

கேள்வி: ஐந்து பேர் ஒரு வீடு எடுத்துத் தங்குகிறோம். குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, பிளக் மாற்றி, எதெல்லாம் எடுக்கணும்? (வாசகர், பெரம்பூர்)

பதில்: அடுப்பு வேண்டாம், வீடு என்றால் அடுப்பு இருக்கும். ஆனால் பல வீடுகளில் அது இண்டக்‌ஷன். நம் வீட்டு அலுமினிய குக்கர் அதில் சூடே ஆகாது, வெறுமனே உட்கார்ந்திருக்கும். குக்கர் எடுத்தே தீருவேன் என்றால் காந்தம் ஒட்டுகிற அடி உள்ள மூன்று லிட்டர் எவர்சில்வர் ஒன்று. கிளம்பும் முன் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற காந்தத்தை எடுத்து அடியில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான் பரிசோதனை.

மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் மின்னழுத்த மாற்றி எதுவும் வேண்டாம், விற்பவன் சொன்னாலும் வேண்டாம். இரண்டு உருண்டைக் குச்சி உள்ள நம் போன் சார்ஜர் அப்படியே நுழையும். மூன்று குச்சி லேப்டாப் பிளக்தான் நுழையாது. ரிச்சி தெருவில் ஒரு மாற்றி வாங்குங்கள், ஐந்து பேருக்கு ஐந்து வேண்டாம், ஒன்று போதும், அதில் நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைச் செருகி எல்லாரும் போன் போட்டுக்கொள்ளலாம். கெட்டிலை மட்டும் அந்த பாக்ஸில் செருகாதீர்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

ஒரு பிளாஸ்டிக் மக். சிரிக்காதீர்கள். கை கழுவும் குழாய் இருக்கும், நாம் எதிர்பார்க்கிற குழாய் இருக்காது. சில குளியலறைகளில் பக்கத்திலேயே தாழ்வாக பிடே என்று ஒரு தொட்டி இருக்கும், இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கேள்வி: கடற்கரை நாடுதானே, நீச்சலுடை எடுக்கவா? (வாசகர், திருவான்மியூர்)

பதில்: எடுங்கள், போடமாட்டீர்கள். நீங்கள் தினம் பார்க்கிற கடல் அக்டோபரில் 28, 29 டிகிரி. லிஸ்பன் பக்கத்துக் கடல் 18, 19. முழங்கால் வரை இறங்கினதும் எலும்பில் மணி அடிக்கும். கோடைக்காலம் முழுக்க வடக்கிலிருந்து வீசுகிற காற்று மேல் தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிவிடுகிறது, அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வருகிறது, அதனால் ஆகஸ்டிலேயே அந்தக் கடல் சூடாக இருக்காது. தெற்கே அல்கார்வ் கரையில் இரண்டு டிகிரி தேவலை.

நசரே என்கிற கடற்கரை ஊருக்குப் போனால் கரையில் நின்று பார்ப்பதோடு சரி. அக்டோபர் முதல் அங்கே ராட்சத அலைப் பருவம். 2020 அக்டோபரில் ஒரு ஜெர்மானிய வீரர் 26.21 மீட்டர் உயர அலையில் சறுக்கி உலக சாதனை செய்தது அங்கேதான். எட்டு மாடி உயரம். கடற்கரைக்கு வேண்டியது வெயில் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் சுடுவது தெரியாது, ராத்திரி மூக்குத் தோல் உரியும்போதுதான் தெரியும்.

கேள்வி: பயணம் முழுக்கப் புடவைதான் கட்டுவேன். முடியுமா? (வாசகி, அடையாறு)

பதில்: தாராளமாக. உள்ளே தெர்மல் லெக்கிங்ஸ், மேலே முழுக்கை பிளவுஸ் அல்லது ஸ்வெட்டர், காலில் ஷூ. புடவையை இரண்டு விரற்கடை தூக்கிக் கட்டுங்கள், ஈரக் கல்லில் கொசுவம் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டே வரும். பருத்தி வேண்டாம், காயாது. சிந்தெடிக் புடவைக்கு இத்தனை நாளும் நான் எதிரி, இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் சமாதானம். லிஸ்பனில் டிராம் 28-இல் ஏறும்போது முந்தானையை இடுப்பில் செருகுங்கள், கைப்பையை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிராமில் ஜேப்படி பிரசித்தம். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் பையை எப்படிப் பிடிப்பீர்களோ அப்படி.

கேள்வி: அப்பாவுக்கு சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை எப்படி எடுத்துப் போவது? வேறு என்ன காகிதம் வேண்டும்? (வாசகர், கொளத்தூர்)

பதில்: மாத்திரை முழுவதும் கைப்பையில், அதுவும் பயண நாளைவிட ஒரு வாரம் கூடுதலாக. பெரிய பெட்டி வராமல் போகும், எனக்கு வரவில்லை. ஒரு விமான நிறுவனம் என் பெட்டியை மூன்று நாள் வேறு ஊரில் வைத்து அழகு பார்த்தது, அந்த மூன்று நாளும் ஒரே சட்டை. சட்டைக்குப் பரவாயில்லை, சர்க்கரை மாத்திரைக்கு அப்படிச் சொல்ல முடியாது. அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடாதீர்கள். டாக்டர் சீட்டில் மருந்தின் வேதிப் பெயரை எழுதி வாங்குங்கள், நம் ஊர்ப் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் புரியாது. பாராசிட்டமாலுக்கு அங்கே கடையில் கேட்க வேண்டிய பெயர் பென்-உ-ரோன். பச்சைச் சிலுவை விளக்கு எரிகிற கடை மருந்துக் கடை. கோடீன் கலந்த இருமல் மருந்து துபாய் வழியாகப் போகிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம். இன்சுலின் என்றால் கைப்பையில், சீட்டோடு; சரக்குப் பகுதியில் உறைந்துபோகலாம்.

காகிதம்: பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், விசாவுக்கே அது கட்டாயம். பாஸ்போர்ட் அந்த நாட்டை விட்டுக் கிளம்பும் தேதிக்கு அப்புறம் மூன்று மாதமாவது செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் அப்பாவின் சட்டைப் பையில், ஒன்று உங்களிடம். அவசர எண் 112.

கேள்வி: கேபின் பை ஒன்றோடு மட்டும் போய் வர முடியுமா? நண்பர்கள் கேலி செய்கிறார்கள். (வாசகர், அசோக் நகர்)

பதில்: தனியாள் என்றால் முடியும், கேலி செய்பவர்களை அல்ஃபாமாவில் நாலாவது மாடிக்கு 28 கிலோ பெட்டியை லிஃப்ட் இல்லாமல் தூக்கச் சொல்லுங்கள். முதுகில் மாட்டுகிற பை நல்லது. சக்கரப் பெட்டி அந்தக் கல்லில் கடகடவென்று தெருவையே எழுப்பும், சின்னச் சக்கரம் கல் இடுக்கில் மாட்டி உடையும். சட்டை நாலு, பேன்ட் இரண்டு, ராத்திரி சோப்புப் போட்டு அலசுகிற துணியாக எடுங்கள். கனமான ஷூவையும் ஜாக்கெட்டையும் உடம்பில் போட்டுக்கொண்டு ஏறுங்கள். ஒரு காலி மடிப்புப் பை வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் தெருவெல்லாம் வண்டியில் உப்புத் தூவிச் செஸ்நட் கொட்டை சுடுவார்கள், வெள்ளைப் புகை தெரு முனை வரை வரும், நம் மெரினா சோளத்தின் அண்ணன் மாதிரி. நவம்பர் 11 அதற்கென்றே பண்டிகை. அந்த நாளை ஒட்டி மழை விட்டுச் சில நாள் வெயில் அடிக்கும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. நான் போனபோது அடித்தது, ஜாக்கெட்டைக் கழற்றி அந்தப் பையில்தான் திணித்தேன்.

கேள்வி: போர்ச்சுகீசு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அகராதி ஏதாவது எடுத்துப் போகவா? (வாசகி, சாந்தோம்)

பதில்: சாந்தோமில் இருந்துகொண்டு ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்கிறீர்களே! உங்கள் தெருப் பெயரே அவர்கள் வைத்தது. பக்கத்து லஸ் கார்னர் என்ன? 1516-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படுகிற அந்த மாதா கோவிலின் பெயர், லஸ் என்றால் அவர்கள் மொழியில் வெளிச்சம். லிஸ்பன் வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் "லூஷ்" என்று சொன்னால் போதும். ஜன்னல், சாவி, மேஜை, அலமாரி, அன்னாசி எல்லாம் அங்கிருந்து கப்பலில் வந்தவை. துவாலைகூட.

போர்ட்டோவில் ஒருநாள் என் ஜாக்கெட்டின் கழுத்துப் பொத்தான் அறுந்து விழுந்து, காற்று நேராக நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு சின்ன தையல் சாமான் கடை, கல்லாவில் வயதான அம்மாள், ஆங்கிலம் தெரியாது. நான் கழுத்தைக் காட்டி, தமிழிலேயே "பொத்தான்" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், "புத்தாவ்!" என்று திருத்தினார், உள்ளே போய் ஒரு மர டிராயரையே இழுத்துக்கொண்டு வந்து முன்னால் வைத்தார். ஆயிரம் பொத்தான் இருக்கும். என் ஜாக்கெட்டுக்குச் சரியான ஒன்றை அவரே தேடி எடுத்துக் காசு வாங்காமல் கொடுத்தார். அப்புறம் அதைத் தைக்க ஊசி கேட்கப் பார்த்தேன், "ஊசி, ஊசி" என்று விரலால் குத்திக் காட்டினேன், அவருக்குப் புரியவே இல்லை. அவர்கள் மொழியில் அது அகூல்யா, அந்த வார்த்தை மட்டும் கப்பல் ஏறவில்லை போலிருக்கிறது. ஊசியும் கறுப்பு நூலும் பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள்.